சோத்தாங்கைப் பக்கம்

செஞ்சி
25-11-63

இல்ல கண்ணு, யாருமே ஏறாத வண்டி எப்படி ஒரு பக்கமாத் தாழும்? நீ தீபாவளிக்கு வந்துட்டுப் போவச்சொல்ல பஸ்ஸு ஜன்னல்ல தலைய நீட்டிச் சொன்ன பாரு, "சாயந்தரம் சமமா நிறுத்திட்டுப் போறோம் அத்தை, காலைல வந்து பாத்தா வலப்பக்க மூக்கு எறங்கி நிக்குது"ன்னு, அதுலேர்ந்து எனக்கு அதே நெனப்பு. மேல கேக்கறதுக்குள்ள கன்னியப்பன் விசில் ஊதிட்டான். அவன் கண்டக்டர் ஆனதுலேர்ந்து இந்த ஊர்ல ஒருத்தரும் ஒரு பேச்ச முழுசாப் பேசி முடிச்சதில்ல.

சீதளா, ஜினேஸ்வரர் புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் குன்று ஏறச்சொல்ல மக்கர் பண்ணுது. உன் ஒடம்பு எப்படி இருக்குது? உங்க நைனா கிட்டேர்ந்து கடுதாசி வந்துதா? பொழுது சாயறதுக்குள்ள சாப்டறியா? ஒர்க் ஷாப்புல முடியலன்னு சொன்ன. சரி, ஞாயித்துக்கெழமையாவது சாப்டு. வெங்காயத்தப் பத்தி நான் கேக்கல. கேட்டா நீ பொய் சொல்லணும், அந்தப் பாவம் எனக்கு வரும்.

திருநாதர் குன்றுல போயி உன் பேருக்குக் கும்புட்டுட்டு வந்தேன். பாறையில இருக்கிற இருவத்தி நாலு தீர்த்தங்கரர்ல பத்தாவதா இருக்கிறவரு உன் பேர்க்காரர்தான். "சாமி, உங்க பேர வச்சிக்கினு ஒருத்தன் மெட்ராசுல எண்ணெயும் கரியுமா அலையறான், பாத்துக்குங்க"ன்னு சொன்னேன்.

ஒண்ணு கேக்கணும். என் புள்ள ஜினசேனன் மஞ்சக் காமாலைல போயி மூணு வருஷம் ஆவுது. அவன் வேலை செஞ்ச அதே ஷெட்டுலதான் நீயும் போயிச் சேந்த. வேணாம்னு நான் சொல்லல. எந்தப் புள்ளைக்கு எதுல கை போவுதோ போவட்டும். ஆனா நீ சொன்ன வண்டி எந்த வண்டி? அத நீ சொல்லவே இல்ல.

ஆசீர்வாதத்தோட,
உன் அத்தை தர்மவதி

---

சென்னை-14
3-12-63

அன்புள்ள அத்தைக்கு,

சீதளநாதன் வணங்கி எழுதுவது. நான் சுகம். நைனா கடிதம் வந்தது, வீட்டில் எல்லோரும் சௌக்கியம். முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், கன்னியப்பன் அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதுவரை குன்று ஏற வேண்டாம். சாமி கீழேயிருந்து கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்வார்.

வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ரேஸ் வண்டி. யுத்தத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்துரை அங்கங்கே பாகம் வாங்கித் தன் கையாலேயே கட்டியது. முதலாளி அதை மறுபடியும் ஓட விடப் பார்க்கிறார். பிப்ரவரியில் சோழவரத்தில் ரேஸ்.

ரேஸ் வண்டிக்கு முன்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது முக்கியம். அதிகம் தாழ்ந்தால் வளைவில் மூக்கு குத்தும். அதிகம் உயர்ந்தால் ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த வண்டியில் வில்லுப்பட்டை கிடையாது. அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுக் கம்பிகள் நீளமாக ஓடுகின்றன. ஒரு நுனி சக்கரத்தோடும் மறு நுனி சட்டத்தோடும் சேர்ந்திருக்கும். ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தக் கம்பி முறுகி வண்டியின் பாரத்தைத் தாங்கும். சட்டத்தில் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் முறுக்கு ஏறும், மூக்கு உயரும்.

ஓட்டுகிறவன் எடைக்கு மணல் மூட்டையை வலப்பக்க சீட்டில் வைத்துத்தான் அளக்கிறோம். ஆதிமூலம் மேஸ்திரி முட்டி போட்டு அளப்பார், நான் திருகுவேன். சாயந்தரம் சரியாக இருக்கும். மூட்டையை இறக்கிவிட்டுப் போவோம். காலையில் வந்து பார்த்தால் வலப்பக்கம் இறங்கியிருக்கும். கம்பி தளர்கிறது, அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

தங்கள்,
சீதளநாதன்

---

செஞ்சி
10-12-63

கண்ணு சீதளா,

தைலம் வந்துது. வாசனை நல்லா இருக்குது, வலி அப்படியே இருக்குது. நீ நல்லா இருக்கணும். இங்க கார்த்திகை மழை உட்டபாடில்ல. கோட்டை மேல இருந்த கொரங்கெல்லாம் எறங்கித் தெருவுக்கு வந்துடுச்சு. கொஞ்சம் வெயில் எட்டிப் பாத்தாலும் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வடகம் காயப் போட்டுட்டுக் கம்போட காவல் இருக்கறா.

நீ எழுதினது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. மாட்டு வண்டியில நெல்லு ஏத்தச்சொல்ல முன்பாரம்னா மாட்டுக் கழுத்துல நொகத்தடி அழுத்தும், பின்பாரம்னா மாட்டையே மேல தூக்கும். உங்க மாமா இருந்தவரைக்கும் ஏர்க்கால்ல கைய வச்சே பாரம் சொல்லிடுவாரு. உங்க வண்டிக்கும் அதே கததான். நீங்க போல்ட்ட திருவறீங்க, நாங்க ஒரு மூட்டைய பின்னால தள்ளுவோம்.

ஆனா தளருதுன்னா ரெண்டு பக்கமுந்தான தளரணும்? ஓட்றவன் ஒக்கார்ற பக்கம் மட்டும் ஏன்? நான் இத வாய் தவறி அம்மாக்கண்ணு கிட்ட சொல்லிட்டேன். அவ வடகத்த கொரங்குக்கு உட்டுட்டு எழுந்துட்டா.

"எக்கா, அது வண்டி கோளாறு இல்ல. ஆளு ஏறி ஒக்காருது. டயருக்கடியில எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கச் சொல்லு."

"அடிப் போடி, எங்கள்ல அதெல்லாம் கெடையாது"ன்னேன்.

"உங்கள்ல கெடையாதுன்னா அதுக்குத் தெரியுமா?"ன்னா.

நீ எலுமிச்சம்பழமெல்லாம் வைக்காத. ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி பஞ்ச நமஸ்காரம் ஒரு தரம் சொல்லு, போதும்.

உங்க அத்தான் ஒரு வண்டியப் பத்திச் சொல்லுவான். "எல்லாத்தையும் நான்தாம்மா கழட்டி மாட்டறேன், ஒரு தரம் நான் ஓட்டிப் பாக்கணும்மா, மொதலாளி சரின்னுட்டாரு"ம்பான். அதுக்குள்ள படுத்துட்டான். அந்த வண்டி பச்சைக் கலருன்னு சொன்ன ஞாபகம்.

நீ பாக்கற வண்டி என்னா கலரு?

அத்தை தர்மவதி

---

சென்னை-14
1-1-64

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். புது வருஷ வாழ்த்து. உடம்பு எப்படி இருக்கிறது? எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஒரு நல்ல செய்தி. முதலாளிக்கு இடுப்பு வலி. டாக்டர் ரேஸ் வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். "முன்பக்கத்தை நீ சரி பண்ணு, சோழவரத்துல நீயே ஓட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்! மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். "உன் எடைக்கு அரை மூட்டை மணல் போதும்டா, மீதிய வீடு கட்டறவனுக்கு வித்துடலாம்" என்கிறார்.

நடுவில் இரண்டு காலை வண்டி சமமாகவே நின்றது. தொலைந்தது பீடை என்று நினைத்தோம். மூன்றாம் நாள் மறுபடியும் இறங்கியிருந்தது. அதுவும் சரியாகிவிடும்.

நைனாவிடம் நான் ஓட்டப்போவதை இப்போது சொல்ல வேண்டாம்.

தங்கள்,
சீதளநாதன்

---

செஞ்சி
4-1-64

சீதளா,

சொகம். நீயும் சொகமா இரு.

கலரு என்னான்னு கேட்டிருந்தேன்.

தர்மவதி

---

சென்னை-14
12-1-64

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரம். நான் சுகமே. தாங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

பச்சைதான் அத்தை.

தீபாவளிக்கு வந்தபோதே சொல்ல நினைத்தேன். நீங்கள் எனக்கு அதிரசம் வைத்துக்கொண்டே அத்தானுக்குப் பிடித்த பாகு பதத்தைப் பற்றிப் பேசினீர்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பாதியைச் சொன்னேன். மீதியை இப்போது எழுதிவிடுகிறேன்.

அத்தான் அந்த வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் காமாலையில் படுத்தான். அப்படியே செங்கல்லில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். இத்தனை நாள் யாரும் தொடவில்லை. நாங்கள் பிரித்தபோது, கழற்றிய ஒவ்வொரு சாமானும் எண்ணெய்த் துணியில் சுற்றி, கட்டி, அடுக்கியிருந்தது. இரண்டு கம்பிகளும்கூட. ஒரு பக்கத்துக் கம்பியை மறுபக்கம் போடக்கூடாது அத்தை. ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுகிப் பழகியது. மாற்றிப் போட்டால் எதிர்த் திசையில் முறுகும். நாளுக்கு நாள் தளர்ந்து, கடைசியில் ஓடும்போதே ஒடிந்துவிடும். கம்பெனிக்காரன் போட்ட அடையாளம் துருவில் போய்விட்டதால் அத்தான் கம்பி நுனியில் உளியால் தானே எழுத்து வெட்டியிருந்தான். ஒன்றில் 'சோ'. இன்னொன்றில் 'பீ'.

மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "என்னாடா இது, சோ? பீ?"

எனக்குத்தான் புரிந்தது. "சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் மேஸ்திரி. எங்க ஊர்ப் பேச்சு."

"அடப்பாவி! வெள்ளைக்காரன் வண்டியில பீன்னு வெட்டி வச்சிருக்கானே" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு வெளியே போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அதன்படி 'சோ'வை வலப்பக்கமும் 'பீ'யை இடப்பக்கமும் போட்டோம். வண்டி தாழ ஆரம்பித்ததும் மேஸ்திரிக்கு முதலில் வந்த சந்தேகமே "மாத்திப் போட்டுட்டமா?" என்பதுதான். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். 'சோ' வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. அத்தான் சாமான் விஷயத்தில் தப்புப் பண்ணமாட்டான் என்று இந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் கேட்டீர்கள், ஓட்டுகிறவன் பக்கம் மட்டும் ஏன் என்று. உண்மையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் வலப்பக்கம் அதிகம். காலையில் ஷட்டரைத் தூக்கினால், யாரோ அப்போதுதான் சீட்டிலிருந்து எழுந்து போனதுபோல இருக்கிறது. போன வாரம் மேஸ்திரி சொல்லிவிட்டார்: "அவன் வந்து ஒக்காந்து பாக்கறாண்டா. ஆசப்பட்டான் இல்ல."

நான் ஓட்டட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்வதுதான். வேண்டாம் என்றால் இன்றே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன்.

தங்கள்,
சீதளநாதன்

---

சென்னை-14
27-1-64

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். தங்களிடமிருந்து பதில் இல்லை. பொங்கலுக்கும் ஒரு வரி வரவில்லை. உடம்பு சரியில்லையா? கன்னியப்பன் அண்ணனைக் கேட்டேன். "தெனம் பாக்கறேன்பா, கோயிலுக்குப் போவுது, வருது, ஆனா பேச மாட்டேங்குது" என்றார். நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்றதும் உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியில் தினமும் கொஞ்சம் முறுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. வலப்பக்கத்துப் போல்ட்டில் மரை தீர்ந்துகொண்டே வருகிறது. முறுக்கும்போது கம்பி ஒரு முனகல் முனகுகிறது. புது எஃகு அப்படி முனகாது என்று மேஸ்திரி சொல்கிறார், பிறகு "பழசுதான" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். மாற்றுக் கம்பிக்குச் சீமைக்கு எழுதினால் வந்து சேர ஒரு வருஷம் ஆகும்.

எனக்குப் பயமில்லை. திட்டியாவது ஒரு கார்டு போடுங்கள்.

தங்கள்,
சீதளநாதன்

---

செஞ்சி
31-1-64

கண்ணு,

நான் நல்லாத்தான் இருக்கேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. உன் ஒடம்பப் பாத்துக்க. எழுத ஒக்காருவேன், பேனா ஓடாது. எனக்கே பேச்சு வரலன்னா பாத்துக்கோ. அம்மாக்கண்ணு பயந்து போயி வேப்பெலைய எடுத்துக்கினு வந்துட்டா.

சித்தாமூருக்குப் போயிருந்தேன். அங்க கோயில் வாத்தியாரக் கேட்டேன். நேராக் கேக்கல. "பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கேக்கச் சொன்னா சாமி, செத்துப் போனவங்க வந்து அவங்க ஆசப்பட்ட எடத்துல ஒக்காருவாங்களா?"ன்னு. அவரு சிரிச்சாரு. "உனக்குத் தெரியாததா தர்மவதி? உயிரு ஒடம்ப உட்டுதுன்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அடுத்த ஒடம்புக்குப் போயிடும். நடுவுல எங்கயும் தங்காது, எதுலயும் ஒக்காராது. அந்தம்மா கிட்ட சொல்லு"ன்னாரு. நானும் சரின்னு வந்துட்டேன்.

எனக்குத் தெரியாததா? பாவாடை கட்டின வயசுலேர்ந்து கேக்கறதுதான். அப்படின்னா அவன் இப்ப எங்கியோ ரெண்டரை வயசுப் புள்ளையா ஓடிக்கினு இருப்பான். வேற ஒருத்திய அம்மான்னு கூப்டுக்கினு இருப்பான். அவ சோறு ஊட்டுவா. நல்லாத்தான் இருப்பான். அத நெனச்சா எனக்கு சந்தோஷமா இருக்கணும் இல்ல? வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல நெனச்சு நெனச்சுப் பாத்தேன். வரல கண்ணு.

அதுக்கு இந்த வண்டியில ஒக்காந்திருந்தாத் தேவலன்னு தோணுது. பாவந்தான். மித்யாத்துவந்தான், பொய் நம்பிக்கதான். எழுதிட்டேன்.

அந்த பீன்னு வெட்டினதுக்கு அவன ரெண்டு சாத்து சாத்தணும். எட்டாவது வரைக்கும் படிச்சவன், வலது எடதுன்னு எழுத வராதா? ஆனா அவன் கையெழுத்து எப்படி இருக்குது? 'சோ'வுல கொம்பு சுழிச்சுப் பெருசாப் போடுவானே, அப்படியேதான் போட்டிருக்கானா?

நீ ஓட்டு. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்தப் பக்கத்த ஏத்தாத. தாழ்ந்தா தாழ்ந்துட்டுப் போவட்டும். நீ தெனமும் காலைல திருவித் திருவி அவன எழுப்பி உடற மாதிரி இருக்குது எனக்கு. அவன் ஒக்காந்திருக்கட்டும் கண்ணு.

அத்தை தர்மவதி

---

சென்னை-14
5-2-64

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மேஸ்திரிக்கும் படித்துக் காட்டினேன், கோபிக்காதீர்கள். கொம்பு சுழித்துப் பெரிதாகத்தான் வெட்டியிருக்கிறான். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

ஒரு பக்கம் தாழ்ந்த வண்டியை ரேஸில் விட முடியாது அத்தை. சோழவரத்தில் நீள ஓட்டம் முடிந்ததும் ஒரு வளைவு. அந்த வேகத்தில் பிரேக் போட்டுத் திரும்பும்போது தாழ்ந்த பக்கம் குத்திவிடும். அதனால் உங்கள் பேச்சைப் பாதி மீறுகிறேன், பாதி காப்பாற்றுகிறேன். இன்றிலிருந்து அந்தப் போல்ட்டைத் தொடமாட்டேன். எவ்வளவு தாழ்கிறதோ தாழட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, ரேஸுக்கு முன்னால், ஒரே ஒரு தரம் ஏற்றிச் சமம் செய்துவிட்டு ஓட்டுவேன். மிச்சம் இருக்கிற மரை அதற்குப் போதும். அதற்கு மேல் இல்லை.

மேஸ்திரி இப்போதெல்லாம் ஷட்டரைத் திறந்ததும் வண்டியைப் பார்த்து, "ஒக்காந்துக்க சேனா, ஒக்காந்துக்க, அவசரமில்ல" என்கிறார். மற்றவர்கள் யாரும் சிரிப்பதில்லை. நேற்று ஒருவன் அந்தச் சீட்டில் குல்லாயை வைத்துவிட்டு, பிறகு தானாகவே எடுத்து ஆணியில் மாட்டினான்.

கம்பியின் முனகல் நேற்று வேறு மாதிரி கேட்டது. யாரும் தொடாதபோதே கேட்டது. சும்மா எழுதுகிறேன். எனக்குப் பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்காகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். கீழேயிருந்து.

தங்கள்,
சீதளநாதன்

---

செஞ்சி
8-2-64, சனிக்கெழம காலைல

கண்ணு சீதளா,

இத தபால்ல போடல. கன்னியப்பன் இன்னிக்கு மெட்ராஸ் பஸ்ஸுல போறான். பொழுது சாயறதுக்குள்ள உன் கைல குடுத்துடறேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். பஸ்ஸ ஸ்டாண்டுல உட்டுட்டு நேரா உன் ஷெட்டுக்கு வருவான். கூட ஒரு தூக்குல புளிச்சோறும் எள்ளுருண்டையும் வச்சிருக்கேன். மேஸ்திரிக்கும் குடு. பாவம், அவரும் என்னாட்டம்தான் இருக்காரு.

ரெண்டு தரம் பயமில்லன்னு எழுதியிருக்கே. உங்க நைனாவும் சின்னதுல அப்படித்தான், கெணத்துல எறங்கச்சொல்ல பயமில்ல பயமில்லன்னு கத்திக்கினே எறங்குவான்.

நான் போன தடவ எழுதினத கிழிச்சிப் போட்டுடு. இந்த மூணு நாளா தூக்கமில்ல. கெழவி புத்தி பேதலிச்சு, போன புள்ளைக்கு எடம் புடிக்கறேன்னு இருக்கிற புள்ளைய வளைவுல கொண்டு போயி உடப் பாத்தேன். உங்க அத்தான் இருந்திருந்தா, "வண்டிய இன்னாம்மா சாமி ரூமுன்னு நெனச்சியா, நாளைக்கு ஓடணும், வழிய உடு"ன்னு சொல்லியிருப்பான். நாளைக்குக் காலைல தாராளமா ஏத்து. வாத்தியார் சொன்னதுதான் சரி. எங்கயும் ஒக்காரல. அவன் போயிட்டான். நீ பத்தரமா ஓட்டு. வேகமா ஓட்டுன்னும் சொல்ல மாட்டேன், மெதுவா ஓட்டுன்னா நீ கேக்க மாட்ட.

உன் பேர்க்காரர் கிட்ட இன்னிக்குச் சாயந்தரமும் நாளைக்குக் காலைலயும் போறேன். மேலயே ஏறிப் போறேன். முழங்கால் போனாப் போவுது.

நீ நல்லா இருக்கணும். தீர்க்காயுசா இருக்கணும்.

அத்தை தர்மவதி

இரு கண்ணு. கன்னியப்பன் வாசல்ல நின்னுக்கினு "ஆச்சா, ஆச்சா"ங்கறான். ஒண்ணே ஒண்ணு எழுதிட்டுத் தந்துடறேன். உனக்கு சோறு கட்டிட்டு நானும் ரெண்டு வாய் சாப்டலாம்னு தட்ட எடுத்தேன். ஏதோ நெனப்புல எதிர்ல அவன் தட்டையும் வச்சி, தண்ணிச் சொம்பையும் வச்சிட்டிருக்கேன். பாத்தா சொம்பு அவனுக்கு வலப்பக்கத்துல இருக்குது. உனக்கோ உங்க மாமாவுக்கோ நான் வச்சா எடப்பக்கந்தான வப்பேன், சாப்டற கை எச்சில் ஆவும், எடது கையால எடுத்துக் குடிக்கணும்னு. இதென்னாடா கை தானா இப்படி வச்சுதுன்னு ஒக்காந்து பாத்துக்கினே இருந்தேன். நீங்கல்லாம் வந்தா, ஊர் ஒலகம் இருந்தா, நான் கண்ண உருட்டுவேன், அவனும் வலது கையால சாப்டுவான். நானும் அவனும் மட்டும் இருந்தா எடது கையாலதான். எண்ணெய்க் கடைக்கு அனுப்பி, தேர்முட்டி கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்புடான்னா எடப்பக்கம் திரும்பிப் போயி நிப்பான். கேட்டா அந்தக் கையத் தூக்கிக் காட்டுவான், "இதாலதானம்மா நான் சோறு துன்றேன்"ன்னு.